சிறு புகையிரதமும் தூய தண்டவாளமும்

கொழும்பிலிருந்து மலையேறிச் செல்லும் இருப்புப்பாதையின் வரலாற்றை மலைநாட்டில் வாழ்வோர் பலரும் அறிவர். 1867 ஆம் ஆண்டிற் கண்டியையும், 1874 இல் நாவலப்பிட்டியையும், 1885 இல் நானுஓயாவையும் அடைந்த அப்பாதை, 1924 இல் பதுளையை எட்டி முடிவுற்றது. பெருந்தோட்டங்களின் விளைபொருளைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்வதே அதனை அமைத்தோரின் முதல் நோக்கம். ஆயினும் ஹற்றன், கொட்டகலை, தலவாக்கலை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது வெறும் சரக்குப் பாதையன்று. தேயிலைச் சரிவுகளினூடே வளைந்து வளைந்து வரும் வண்டியை நின்று பார்த்துக் கையசைக்காத பிள்ளை அங்கே உண்டோ? அத்தகைய பிள்ளைகளின் கையில், மின்சாரத்தால் ஓடும் விளையாட்டுப் புகையிரதம் ஒன்று கிடைத்துவிட்டால் அவர்கள் கொள்ளும் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

ஆனால் அம்மகிழ்ச்சி பெரும்பாலும் நீடிப்பதில்லை. முதல் வாரம் விரைந்தோடிய வண்டி, இரண்டாம் மாதத்தில் தயங்கித் தயங்கிச் செல்கின்றது. விரலால் தள்ளினால் ஓரடி ஓடுகின்றது, மீண்டும் நிற்கின்றது. அதன் விளக்கு மினுங்கி அணைகின்றது. 'மோட்டார் எரிந்துவிட்டது' என்கிறார் ஒருவர். 'மலிவுச் சாமான் இப்படித்தான்' என்கிறார் மற்றொருவர். பெட்டி அலுமாரியின் மேல் ஏறிவிடுகின்றது. பாடசாலைக் கண்காட்சிக்கென வாங்கிய வண்டிகளுக்கும் இக்கதியே நேர்வதுண்டு. உண்மை யாதெனின், இவ்வாறு கைவிடப்படும் வண்டிகளுட் பல பழுதடைந்தவை அல்ல, அழுக்கடைந்தவை. பழுதுக்கும் அழுக்குக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமையால், அரிதாகச் சேர்த்த பணமும் ஒரு பிள்ளையின் ஆர்வமும் வீணாகின்றன.

இதனை விளங்கிக்கொள்ள, அச்சிறு வண்டிக்கு மின்சாரம் எவ்வழியாகச் செல்கின்றது என்பதை முதலில் நோக்குவோம். சுவரிலுள்ள 230 வோல்ற்று மின்சாரத்தை ஒரு சிறு பெட்டி ஏறத்தாழ 12 வோல்ற்று நேரோட்டமாகக் குறைத்துத் தருகின்றது. அதிலிருந்து வரும் இரண்டு கம்பிகளும் இரண்டு தண்டவாளங்களுடன் இணைக்கப்படுகின்றன. ஒரு தண்டவாளத்திலிருந்து மின்னோட்டம் சக்கரத்தில் ஏறுகின்றது. சக்கரத்தின் உட்புறத்தை உரசிக்கொண்டிருக்கும் மெல்லிய வெண்கலத் தகடு அதனை வாங்கி மோட்டாருக்கு அனுப்புகின்றது. மோட்டாரைச் சுழற்றியபின் அது மறுபக்கத் தகடு, மறுபக்கச் சக்கரம் ஆகியவற்றின் வழியே மற்றைத் தண்டவாளத்தில் இறங்கித் திரும்புகின்றது. இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒன்றோடொன்று மின்தொடர்பு கொள்ளாதவாறு நடுவே காவலி வைக்கப்பட்டிருக்கும். இல்லையேல் மின்னோட்டம் மோட்டாருக்குச் செல்லாமல் அச்சின் வழியாகவே குறுக்கே பாய்ந்துவிடும்.

இவ்வழியில் எத்தனை தொடுகைகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். தண்டவாளத் துண்டும் துண்டும் பொருந்துமிடம் ஒன்று. தண்டவாளமும் சக்கரமும் தொடுமிடம் இரண்டு. சக்கரமும் தகடும் உரசுமிடம் மூன்று. மோட்டாரின் உள்ளே கரித்துண்டும் செம்பு வளையமும் உரசுமிடம் நான்கு. போகும் வழியில் நான்கு வகை, திரும்பும் வழியிலும் அவையே. இவற்றுள் எந்த ஓரிடத்திலேனும் அழுக்குப் படலம் குறுக்கிட்டால் வண்டி நின்றுவிடும். டோர்ச் விளக்கின் மின்கலத்தில் வெண்ணிறப் பூஞ்சணம்போற் படர்ந்துவிட்டால் வெளிச்சம் மங்குவதையும், வானொலிப் பெட்டியின் மின்கலத்தைச் சற்றே திருப்பிவிட்டதும் ஒலி மீள்வதையும் கண்டிருக்கின்றோம். அங்கு நிகழ்வதே இங்கும் நிகழ்கின்றது.

தண்டவாளத்தின் வழியே மின்சாரம் ஊட்டும் இம்முறை விளையாட்டுக்கென்று கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1881 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பேர்லின் நகரையடுத்த லிச்டர்பெல்டே என்னுமிடத்தில், சீமென்ஸ் நிறுவனத்தார் ஓடவிட்ட மின்சாரத் தெருவண்டிக்கு இரு தண்டவாளங்களின் வழியாகவே மின்னோட்டம் அளிக்கப்பட்டது. அதன் அழுத்தம் ஏறக்குறைய 180 வோல்ற்று. பாதையைக் கடந்த மனிதரும் குதிரைகளும் மின்னதிர்ச்சிக்கு உள்ளாயினர். பின்னர் அம்முறை கைவிடப்பட்டு, மின்சாரம் தலைக்கு மேலே கம்பியில் ஏறிற்று. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்திற்கு 1931 இல் ஓடத் தொடங்கிய மின்சார வண்டிகளும் மேற்கம்பியிலிருந்தே மின்சாரம் பெற்றன. 180 வோல்ற்றுக்கு ஆபத்தாயிருந்த பழைய வழி, 12 வோல்ற்றுக்குப் பாதுகாப்பானதாயிற்று. ஆகவே உலகெங்கும் மாதிரிப் புகையிரதங்கள் பெரும்பாலும் அதனையே பின்பற்றுகின்றன. ஆயினும், சுவர் மின்சாரத்தைக் குறைத்துத் தரும் பெட்டியின் உள்ளே 230 வோல்ற்று இருக்கின்றது. அதனைத் திறந்து பார்ப்பது பிள்ளைகளுக்குரிய வேலையன்று.

பெரிய புகையிரதம் மழையிலும் சேற்றிலும் ஓட, சிறியது மட்டும் கண்ணுக்குத் தெரியாத அழுக்கினால் நிற்பானேன்? இதற்கு விடை அளவிலே இருக்கின்றது. பரவலாக விற்பனையாகும் மாதிரிகளுள் ஒரு வகை, உண்மை வண்டியின் 76 இல் ஒரு பங்கு அளவில் செய்யப்படுவது. அதன் தண்டவாளங்களுக்கு இடையேயுள்ள தூரம் 16.5 மில்லிமீற்றர். நீளம் 76 இல் ஒன்றாகக் குறையும்போது, அகலமும் உயரமும் அவ்வாறே குறைவதால், எடை 76 ஐ மும்முறை பெருக்கிய அளவிற்கு, அஃதாவது நான்கு இலட்சத்து முப்பத்தெண்ணாயிரம் மடங்கிற்கு மேல், குறைந்துவிடும். 80 தொன் எடையுள்ள எஞ்சினை அதே பொருளாலேயே அவ்வளவிற்குச் சிறிதாக்கினால் அதன் எடை ஏறத்தாழ 180 கிராம் மட்டுமே. பெரிய எஞ்சின் தன் பாரத்தால் அழுக்குப் படலத்தை நசுக்கி உலோகத்தோடு உலோகம் தொடச் செய்கின்றது. சிறிய எஞ்சினுக்கு அந்தப் பலம் இல்லை. 12 வோல்ற்று அழுத்தத்திற்கும் படலத்தைத் துளைத்துச் செல்லும் வலிமை போதாது.

இன்னுமொன்றையும் கருதவேண்டும். வண்டி சிறுத்தாலும் தூசி சிறுப்பதில்லை. மனிதனின் தலைமயிர் ஏறக்குறைய 0.07 மில்லிமீற்றர் தடிப்புள்ளது. 76 மடங்கு பெருக்கினால் அது ஐந்து மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்புள்ள கயிறாகும். மேசையின்மேற் கிடக்கும் ஒரு மயிரிழை, சிறு எஞ்சினின் அச்சிற் சுற்றிக்கொள்ளும்போது, மலைப்பாதையில் ஓடும் எஞ்சினின் சக்கரத்தில் கயிறு சுற்றியதற்கு ஒப்பாகும். சிறிய பொருளுக்குப் பெரிய பொருளைவிட அதிகமான துப்புரவு வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

அழுக்கு என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரே பொருளன்று. காற்றிலுள்ள தூசி, துணி நூல், கையின் எண்ணெய்ப் பசை, அச்சுகளிலிருந்து வழிந்த மசகெண்ணெய் ஆகியவை ஒருபுறம். காற்றிலுள்ள ஒட்சிசனோடு உலோகம் கூடி உண்டாகும் ஒட்சைட்டுப் படலம் மற்றொருபுறம். மூன்றாவது, சக்கரம் உருளும்போது தொடுகை கணத்திற்குக் கணம் விட்டு விட்டு ஏற்படுவதால் எழும் நுண்ணிய தீப்பொறி. இருளில் வண்டியை ஓடவிட்டால் அந்த நீலப் பொறியைக் கண்ணாற் காணலாம். அது உலோகத்தைச் சிறிது சிறிதாக எரித்து, எண்ணெயையும் தூசியையும் கரியாக்கி, சக்கரத்தின்மேற் கறுத்த பசையாகப் படியச் செய்கின்றது. படலம் தடித்தாற் பொறி மிகும். பொறி மிகுந்தாற் படலம் மேலும் தடிக்கும். இதனாலேயே வண்டியின் ஓட்டம் முதலில் மெல்லவும் பின்னர் விரைவாகவும் கெடுகின்றது.

மலைநாட்டின் தட்பவெப்பம் இதற்கு உறுதுணையாகின்றது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. மூடுபனியும் ஈரக்காற்றும் அங்கே அன்றாட நிகழ்ச்சிகள். குளிர்ந்த அறையிலிருந்து எடுத்த தண்டவாளத்தை அடுப்பெரியும் வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவந்தவுடன் அதன்மேல் நுண்ணிய நீர்த்துளி படியும். அத்துடன் விறகுப் புகையின் பிசினும் சேர்ந்தால், துடைத்த தண்டவாளமும் சில நாட்களில் மங்கிவிடும். ஆகையால், தாழ்நிலத்தில் மாதத்திற்கொருமுறை போதுமான துப்புரவு மலையிலே அடிக்கடி வேண்டியதாகின்றது.

உண்மையான இருப்புப்பாதையிலும் சக்கரத்திற்கும் தண்டவாளத்திற்கும் உள்ள தொடுகையே எல்லாவற்றிற்கும் ஆதாரம். பாரமான சக்கரம் ஒன்று தண்டவாளத்தைத் தொடுகின்ற பரப்பு ஒரு சிறு நாணயத்தின் அளவே. மலைப்பாதையின் மிகக் கடுமையான ஏற்றம் 44 இற்கு 1. அஃதாவது 44 அடி செல்வதற்குள் ஓரடி ஏறவேண்டும். இவ்வேற்றத்தில் ஒவ்வொரு தொன் பாரத்திற்கும் ஏறக்குறைய 23 கிலோகிராம் இழுவிசை வேண்டும். எஞ்சினும் பெட்டிகளும் சேர்ந்து 300 தொன் என்று கொண்டால், ஏற்றத்திற்கு மட்டுமே ஏறத்தாழ ஏழு தொன் இழுவிசை தேவை. எல்லாச் சக்கரங்களும் இயக்கப்படும் 80 தொன் எஞ்சின் ஒன்று, உலர்ந்த தண்டவாளத்தில் தன் பாரத்தின் பத்தில் மூன்று பங்கு வரை இழுக்கக்கூடும்; அது 24 தொன். ஈரமான இலைகள் நசுங்கி வழுக்கும் படலமாகப் படிந்தால், அப்பிடிப்பு நூற்றில் பத்துப் பங்கிற்கும் கீழே இறங்கலாம். எட்டுப் பங்கென்றால் ஆறரைத் தொன்னுக்குட்பட்டதே. வண்டி ஏறாது, சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். பெருமழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். மெல்லிய தூறலும் மூடுபனியுமே அழுக்கைக் குழைத்து வழுக்கலாக்குகின்றன.

இதற்கு எஞ்சினோட்டிகள் கையாளும் மருந்து மணல். சக்கரத்திற்கு முன்னே குழாயின் வழியாக உலர்ந்த மணலைத் தூவினாற் பிடிப்பு மீளும். மலைப்பாதையின் டீசல் எஞ்சின்களுக்குத் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் வருவதில்லை. 1950 களின் நடுப்பகுதியிற் கனடா நாடு கொழும்புத் திட்டத்தின் கீழ் இலங்கைக்கு அளித்த எஞ்சின்களில், டீசல் இயந்திரம் மின்பிறப்பாக்கியைச் சுழற்ற, அம்மின்சாரம் எஞ்சினுக்குள்ளேயே அச்சுகளிலுள்ள மோட்டார்களுக்குச் செல்கின்றது. ஆகவே மணல் அவற்றுக்கு நன்மையே செய்யும். மாதிரி வண்டிக்கோ மணல் பகை. பிடிப்புக்கு உதவும் அதே மணல், மின்னோட்டத்திற்குத் தடையாகும்.

பெரிய பாதையிலும் இந்தப் பகை முற்றாக இல்லாமற் போகவில்லை. 1872 இல் அமெரிக்கரான வில்லியம் றொபின்சன் என்பவர் உரிமம் பெற்ற தண்டவாள மின்சுற்று முறையில், இரு தண்டவாளங்களிலும் சிறிதளவு மின்னோட்டம் விடப்படும். வண்டி வந்ததும் அதன் சக்கரங்களும் அச்சும் அதனைக் குறுக்கே இணைத்துவிட, சமிக்ஞை சிவப்பாகும். தண்டவாளத்திலே துருவோ இலைப் படலமோ மிகுந்த மணலோ இருந்தால், அங்கே நிற்கும் வண்டியையே அச்சுற்று அறியாமற் போகக்கூடும். மலைப்பாதையில் நெடுங்காலமாக நிலைய அதிபர் எஞ்சினோட்டியிடம் வளையத்தில் வைத்துக் கொடுக்கும் வட்டத்தகடே, பாதை அவ்வண்டிக்கு மட்டும் உரியது என்பதற்குச் சான்றாக விளங்கி வந்தது. தண்டவாள மின்சுற்று உள்ள இடங்களில் அச்சான்றைத் தரவேண்டியது சக்கரத்தின் தூய்மையான தொடுகையே. விளையாட்டு வண்டி நிற்பதற்கும், பெரிய பாதையிற் பாதுகாப்புக் குறைவதற்கும் காரணம் ஒன்றாயிருப்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டுவது நல்ல பாடமாகும்.

இனி, வண்டி நின்றுவிட்டால் செய்யவேண்டியது யாது? முதலில் குற்றம் எங்கே என்று தேடவேண்டும். ஒரே இடத்திலேயே வண்டி எப்பொழுதும் நின்றால், குற்றம் தண்டவாளத்தில். பெரும்பாலும் அவ்விடத்து இணைப்புத் தகடு தளர்ந்திருக்கும். எவ்விடத்திலும் தயங்கித் தயங்கி ஓடினால், குற்றம் எஞ்சினின் சக்கரத்தில் அல்லது உரசும் தகட்டில். வேறொரு எஞ்சினை வைத்துப் பார்த்து, அது நன்றாக ஓடினால் இம்முடிவு உறுதியாகும். எந்த எஞ்சினும் எங்குமே அசையாவிட்டால் மின்சாரப் பெட்டியையும் அதன் கம்பிகளையும் பார்க்கவேண்டும். 12 வோல்ற்று மின்குமிழ் ஒன்றின் இரு கம்பிகளையும் இரு தண்டவாளங்களில் வைத்து, பாதை நெடுகிலும் நகர்த்திச் சென்றால், வெளிச்சம் எங்கே மங்குகின்றதோ அங்கே குறை உண்டு.

தண்டவாளத்தைத் துப்புரவாக்க, முதலில் மின்சாரத்தை நிறுத்தி, மென்மையான தூரிகையால் தூசியை அகற்றவேண்டும். பின்னர் நூல் பிரியாத பழைய பருத்தித் துணியை ஒரு சிறு மரத்துண்டிற் சுற்றி, தண்டவாளத்தின் நீளவாக்கில் அழுத்தித் தேய்க்கவேண்டும். துணியிற் கறுத்த கோடு விழும். துணியை மாற்றி மாற்றித் தேய்த்து, கோடு விழாத நிலை வரும்வரை தொடர்தல் நன்று. பசை இறுகியிருந்தால் துணியை ஐசோபுரொப்பைல் அற்ககோலிற் சற்றே நனைக்கலாம். எண்ணெய் வகைக் கரைப்பான்களைக் கொண்டு துடைத்தால் கறுப்பு மீண்டும் படிவது தாமதமாகும் என்று கூறும் அனுபவசாலிகளும் உளர். எதனைப் பயன்படுத்தினும், அது எளிதிற் தீப்பற்றும் என்பதை மறத்தலாகாது. அடுப்பிற்கும் விளக்கிற்கும் அப்பால், காற்றோட்டமான இடத்தில், பெரியவர் ஒருவரின் முன்னிலையில் மட்டுமே அதனைச் செய்யவேண்டும். முற்றாக உலர்ந்த பின்னரே மின்சாரம் விடவேண்டும். சில பிளாஸ்டிக் பாகங்கள் கரைப்பானால் மங்கும். ஆதலின் கண்ணுக்குப் படாத ஓரத்தில் முன்னதாகச் சோதித்துக்கொள்வது அறிவுடைமை.

தண்டவாளத்தை மட்டும் துடைத்துவிட்டுச் சக்கரத்தை மறந்தால் பயனில்லை. சக்கரத்திலுள்ள கறுப்பு ஒரே சுற்றில் தண்டவாளம் முழுவதிலும் மீண்டும் பரவிவிடும். பெட்டிகளின் சக்கரங்களைப் பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம். எஞ்சினைத் தலைகீழாக மென்துணியிற் படுக்கவைத்து, சக்கரங்களைக் கையாற் சிறிது சிறிதாகத் திருப்பி, அவற்றின் விளிம்பையும், தகடு உரசும் உட்புறத்தையும் அவ்வாறே துடைக்கவேண்டும். தகட்டில் மயிரோ நூலோ சிக்கியிருந்தால் நுண்ணிய இடுக்கியால் எடுத்துவிட்டு, தகடு சக்கரத்தை மெல்லத் தொடுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். சில எஞ்சின்களின் சக்கரத்திற் பிடிப்பிற்காக இறப்பர் வளையம் போட்டிருப்பர். அதிற் கரைப்பான் படக்கூடாது. அவ்வளையத்தின் வழியே மின்சாரமும் செல்லாது.

செய்யத் தகாதவற்றை அறிதலும் அவசியம். மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாளாற் தண்டவாளத்தைத் தேய்த்தால் அன்று பளபளக்கும். ஆனால் அது கீறிய நுண்ணிய பள்ளங்களில் அழுக்கு முன்னைவிட விரைவாகக் குடியேறும். பாத்திரம் துலக்கும் இரும்பு நாரைப் பயன்படுத்துவது அதனினும் கேடு. அதன் துகள்களை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும். உள்ளே சென்ற துகள் மின்சாரத்தைக் குறுக்கே பாயவிட்டு மோட்டாரையே கெடுத்துவிடும். அப்பொழுது அழுக்கு உண்மையாகவே பழுதாகிவிடுகின்றது. எண்ணெயும் அளவோடு வேண்டும். அச்சு சுழலுமிடத்தில் ஊசிமுனையால் தொட்டு வைக்கும் துளியே போதும். மிகுந்த எண்ணெய் வழிந்து சக்கரத்திற்கு வந்து, தூசியை அழைத்துச் சேர்க்கும்.

தண்டவாளம் எந்த உலோகத்தாற் செய்யப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. உருக்குத் தண்டவாளம் மலைக்காற்றில் துருப்பிடிக்கும். பித்தளை விரைவில் மங்கி அடிக்கடி துடைக்கவேண்டியதாகும். நிக்கல் வெள்ளி எனப்படும் கலப்புலோகம் ஈரத்தை நன்கு தாங்கும். பெயரில் வெள்ளி இருப்பினும் அதில் வெள்ளி சிறிதுமில்லை. செம்பும் நிக்கலும் நாகமும் கலந்ததே அது. புதிதாக வாங்குவோர் இயன்றவரை அதனைத் தேர்வது மலைநாட்டிற்கு ஏற்றது.

இக்காலத்திற் பரவிவரும் இலக்கமுறை வண்டிகளுக்குத் துப்புரவு இன்னும் இன்றியமையாதது. அவற்றில், தண்டவாளத்தின் வழியே மின்வலுவோடு கட்டளைகளும் செல்கின்றன. எஞ்சினுக்குள் இருக்கும் சிறு மின்சுற்று அவற்றைப் படித்து நடக்கின்றது. தொடுகை ஒரு கணம் விட்டுப்போனாலும் அச்சுற்று திகைத்து நின்றுவிடக்கூடும். அக்கணத்தைத் தாண்டுவதற்கென்று கொள்ளளவி ஒன்றைப் பொருத்துவதுண்டு. அது உதவியே தவிர, துடைப்பதற்குப் பதிலாகாது.

இறுதியாக, வைத்துக்காக்கும் முறை. அரிய பொருள் என்று கருதி, ஆண்டு முழுவதும் அலுமாரியிற் பூட்டி வைத்துப் பரிசளிப்பு விழாவன்று மட்டும் எடுத்தால், வண்டி ஓடாது. ஓடும் சக்கரம் தன் பாதையைத் தானே ஓரளவு தேய்த்துத் துலக்குகின்றது. கிடக்கும் சக்கரம் மங்குகின்றது. பெரிய பாதையிலும் நாள்தோறும் வண்டி ஓடும் தண்டவாளத்தின் தலை வெள்ளிபோல் ஒளிர, பயன்படுத்தாத கிளைப்பாதையின் தண்டவாளம் செந்துருவேறிக் கிடப்பதை எந்த நிலையத்திலும் காணலாம். ஆகவே வாரத்திற்கொரு முறையேனும் பிள்ளைகள் கையால் அது ஓடட்டும். ஓடியபின் துடைத்து, காலணிப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் ஒன்றைப் போட்டு, மூடியுள்ள பெட்டியில் வைத்தால் ஈரம் அண்டாது.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை இரண்டரை அடி அகலமுள்ள சிறு பாதை ஒன்று முன்பு இருந்தது. 1903, 1904 ஆம் ஆண்டுகளிற் திறக்கப்பட்ட அது 1940 களில் மூடப்பட்டது. அதன் தண்டவாளங்கள் அகற்றப்பட்டுவிட்டன. மலைநாட்டுப் பிள்ளைகள் அதனை மீண்டும் காணவேண்டுமானால், பாடசாலை மேசையின்மேல் மாதிரியாகத்தான் அமைத்துக் காணவேண்டும். அதற்கு வேண்டும் பொறுமையும் கைத்திறனும் நம் பிள்ளைகளிடம் நிரம்ப உண்டு. ஓடாத வண்டியைக் கண்டதும் 'பழுது' என்று ஒதுக்காமல், எவ்விடத்திலே தொடர்பு அறுந்தது என்று ஒழுங்காகத் தேடிப் பார்க்கும் பழக்கத்தையும் ஒரு துண்டுப் பருத்தித் துணியையும் பெரியவர்கள் அவர்களுக்குக் கொடுத்தாற் போதும்.